பல்லவி, சரணம்னா என்ன? சினிமா பாட்டுல பல்லவி ஏன் திரும்பத் திரும்ப வருது?

பாட்டு ஆரம்பத்துல வந்து, நடுவுலயும் முடிவுலயும் திரும்ப வர்ற வரிகள்தான் பல்லவி. அதை ஒட்டி வர்றது அனுபல்லவி, நிறைய சினிமா பாட்டுல இது இருக்கவே இருக்காது. விஷயத்தை விரிச்சுச் சொல்றது சரணம், வழக்கமா ரெண்டு. சரணத்துக்கு முன்னாடி வாத்தியம் மட்டும் வர்ற இடத்த இன்டர்லூட்னு சொல்வாங்க. கர்நாடக கீர்த்தனையில இருந்து வந்த அமைப்பு இது, சினிமா அதை சுருக்கி எடுத்துக்கிச்சு.

ஏன் திரும்ப வருதுன்னா, கேக்கறவங்களுக்கு புதுசும் வேணும் தெரிஞ்சதும் வேணும், புதுசாவே போயிட்டிருந்தா மனசுல ஒட்டாது, அதையே பாடினா சலிச்சிடும். தேர் நாலு வீதியும் சுத்தி நிலைக்கு வர்ற மாதிரிதான், ஒவ்வொரு வீதியிலயும் வேற காட்சி, ஆனா நிலைக்கு வந்து நின்னாதான் நிறைவு.

சரணத்தோட கடைசி வரிய மட்டும் கவனிச்சு கேளுங்க, பல பாட்டுல மெட்டு அங்க முடியாம தொங்கி நிக்கும், தபலா ஒரு உருட்டு உருட்டும், உடனே பல்லவியோட முதல் வரி வந்து அதைப் பிடிச்சுக்கும். பாட்டு முழுக்க எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான்.

ரெண்டு சரணமும் ஒரே மெட்டுல இருந்தா இசையமைப்பாளர் வேலைய குறைச்சுக்கிட்டாருன்னு பலர் நினைக்கறாங்க, அப்படியில்ல, மெட்டு பழகினதாலதான் ரெண்டாவது சரணத்துல கவனம் முழுசா வரிகள் மேல போகுது, புதுசா ஏதாவது செய்யணும்னா இளையராஜா மாதிரி ஆளுங்க ரெண்டாவது இன்டர்லூட்ட முதல்ல வந்ததுக்கு சம்பந்தமே இல்லாம மாத்திடுவாங்க.