வாசகர் கேள்வி - பதில்: விபத்தைச் சுற்றி நிற்கும் கூட்டம்

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையில் அடிக்கடி பைக்கில் போய்வருகிறேன். ஒரு வண்டி கவிழ்ந்தால் போதும், கண்மூடித் திறப்பதற்குள் கூட்டம் கூடிவிடுகிறது. நானும் நிறுத்தி எட்டிப் பார்க்கிறேன். இது கெட்ட புத்தியா? - ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: இல்லை. ஆபத்து எப்படி வந்தது, நமக்கும் வருமா என்று மனம் தானாகவே தேடும். கெடுதல் அடுத்த நிமிடத்தில்தான் நடக்கிறது. வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். 1968-ல் டார்லி, லடானே என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். வேறு அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் இன்டர்காமில் குரல் கேட்கச் செய்தார்கள். தான் மட்டுமே கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு ஓயும் முன்பே உதவி தேடிப் போனார்கள். இன்னும் நான்கு பேர் கேட்பதாக நினைத்தவர்களில் அப்படிப் போனவர்கள் 31 சதவீதம்தான்.

அதனால் "யாராவது 108-க்குப் போன் போடுங்க" என்று கத்திப் பயனில்லை. "சிவப்புச் சட்டை போட்ட அண்ணா, நீங்க போடுங்க, பேசிட்டு எங்கிட்ட சொல்லுங்க" என்று ஆளைக் காட்டிச் சொல்லுங்கள். சேலத்திலிருந்து ஏறும் இந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையாவது வளைவு, அதற்கு மேலா கீழா என்பதைச் சொன்னால் ஆம்புலன்ஸ் தேடி அலையாது. சிக்னல் கிடைக்காவிட்டால் ஒருவரைக் கீழே அனுப்புங்கள்.

அடுத்து வண்டிகள். பேருந்தோ ஆம்புலன்ஸோ கொண்டை ஊசியில் திரும்பச் சாலையின் முழு அகலமும் வேண்டும். வேடிக்கை பார்க்க நிறுத்திய நான்கு பைக்குகள் போதும், ஆம்புலன்ஸ் திரும்ப முடியாமல் நின்றுவிடும். பைக்குகளை நேரான பகுதிக்குத் தள்ளச் சொல்லுங்கள். மேலே ஐம்பது மீட்டரில் ஒருவர், கீழே ஐம்பது மீட்டரில் ஒருவர் துண்டை வீசி வண்டிகளை மெதுவாக்கட்டும். பள்ளத்தை எட்டிப் பார்க்கத் தடுப்புச் சுவரில் யாரும் ஏறக் கூடாது. கவிழ்ந்த வண்டியின் சாவியை அணையுங்கள். பெட்ரோல் வாசம் வந்தால் பீடி, சிகரெட் பக்கத்திலேயே கூடாது.

அடிபட்டவரைக் கை ஒருவர், கால் ஒருவர் பிடித்துத் தூக்குவதுதான் அடிக்கடி நடக்கும் பெரிய தவறு. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு தூக்கில் தண்டுவடம் போய்விடும். தீப்பிடிக்கும் நிலை இல்லையென்றால் இருந்த இடத்திலேயே விடுங்கள். மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். ரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து, பத்து நிமிடம் கை எடுக்காமல் அழுத்துங்கள். நின்றதா என்று நடுவில் திறந்து பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி ஒழுகும். துணி நனைந்தால் மேலே இன்னொன்று வையுங்கள். தண்ணீர், சோடா எதுவும் வாயில் ஊற்றாதீர்கள்.

போலீஸ் அலைச்சலுக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு உதவுபவரைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது.

கேள்வி: விபத்து வீடியோக்கள் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வருகின்றன. என்ன செய்வது? - ஒரு வாசகி, சூரமங்கலம்

பதில்: வீட்டுக்குத் தகவல் போகும் முன்பே மகனின் முகத்தை அம்மா போனில் பார்ப்பது எவ்வளவு பெரிய கொடுமை! அனுப்பியவரிடம் தனியாகப் பேசி, "அனைவருக்கும் நீக்கு" என்பதை உடனே அழுத்தச் சொல்லுங்கள். இரண்டு நாளுக்குச் சற்று மேல் போனால் அந்த வாய்ப்பு இருக்காது. உங்கள் போனில் வீடியோ தானாக இறங்குவதை அமைப்புகளில் நிறுத்திவிடுங்கள். அடையாளம் தெரிய வேண்டும் என்று வாதிட்டால், வண்டி எண்ணைப் போலீஸுக்குச் சொன்னால் போதும்.

கேள்வி: அண்ணன் விபத்தில் இறந்தார். துக்கம் விசாரிக்க வருபவர்கள் அண்ணியிடம் "எப்படி ஆச்சு, எங்கே அடி?" என்றே கேட்கிறார்கள். - ஒரு வாசகி, அம்மாபேட்டை

பதில்: திண்ணையிலேயே பதில் சொல்ல சித்தப்பாவையோ மாமாவையோ உட்கார வையுங்கள். "லாரி மோதிடுச்சு, ஆஸ்பத்திரியில போயிட்டார்" என்ற அளவில் ஒரே பதிலை எல்லோருக்கும் அவர் சொல்லட்டும். உள்ளே வந்தும் ஒருவர் கேட்டால், அண்ணி பக்கத்தில் இருப்பவர், "மாமாகிட்ட கேளுங்க அத்தை, இவங்க ரெண்டு நாளா சாப்பிடல, நீங்க கொஞ்சம் சாப்பிட வைங்க" என்று ஒரு வேலையைக் கொடுக்கட்டும்.