அப்பாவின் ஜீப்புக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 42. காட்பாடியில் தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை, கைக்கு வருவது 38,000 ரூபாய். ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் நான்கு ஏக்கர் மாந்தோப்பு, கொஞ்சம் புளியமரம் இருக்கிறது. அப்பா ஓட்டிய 1996 மாடல் எம்எம் 540 ஜீப்பைத்தான் தோப்புக்கு எடுத்துப் போகிறேன், வருடத்துக்கு 4,000 கிலோமீட்டர் ஓடும். போன வருடம் மட்டும் 61,400 ரூபாய் செலவு. மெக்கானிக் மொத்தமாகப் பிரித்து எல்லா வேலையும் முடிக்க 2.5 லட்சம் கேட்கிறார், 14 சதவீத வட்டியில் தனிநபர் கடன் கிடைக்கும். மச்சானோ இதை விற்றுவிட்டு, மேலே 7 லட்சம் கடன் வாங்கிப் பழைய மஹிந்திரா தார் வண்டி எடுக்கச் சொல்கிறார், வட்டி 11 சதவீதம், ஐந்து வருடம். பெங்களூருக்காரர் ஒருவர் ஜீப்புக்கு 2.2 லட்சம் தரத் தயார். கையில் சேமிப்பு 90,000. மகள் அடுத்த வருடம் பிளஸ் டூ. என்ன செய்வது?

பதில்: இரண்டு கடனுமே வேண்டாம். ஜீப்பை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இப்போது செலவு செய்கிற விதத்தை மாற்றுங்கள்.

முதலில் மச்சான் சொல்வதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 7 லட்சத்துக்கு 11 சதவீதத்தில் ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 15,200. வருடத்துக்கு 1,82,000க்கு மேல். உங்களுக்கு மோசமாக அமைந்த வருடத்திலேயே ஜீப் சாப்பிட்டது 61,400, அதாவது அதில் மூன்றில் ஒரு பங்கு. 38,000 சம்பளத்தில் 15,200 தவணை போய்விட்டால், மகள் கல்லூரியில் சேருகிற மாதம் நீங்கள் வேறு ஒருவரிடம் கை நீட்ட வேண்டியிருக்கும். மெக்கானிக் சொல்கிற 2.5 லட்சமும் மூன்று வருடத் தவணையில் மாதம் 8,500 தாண்டும், கடைசியில் கட்டி முடிக்கும்போது 3,07,000 ஆகியிருக்கும். 2.2 லட்சம் விலை போகிற வண்டிக்கு 3 லட்சம் செலவு. அதிலும் அந்த 2.5 லட்சத்தில் டிங்கரிங், பெயின்ட், சீட் எல்லாம் சேர்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், எஸ்டிமேட்டைத் தாளில் எழுதி வாங்கினால் தெரிந்துவிடும்.

நீங்கள் அனுப்பிய பில் விவரத்தை நிதானமாகப் பார்த்தேன். ரேடியேட்டர் வேலையும் ஹோஸும் 6,200, ஹெட் கேஸ்கெட்டும் (எஞ்சின் தலைக்கு அடியில் வைக்கிற அடைப்புத் தகடு) தலையை மட்டமாக்கும் ஹெட் பேசிங்கும் 14,800, கிளட்ச் செட் 9,500, வீல் சிலிண்டரும் பிரேக் லைனிங்கும் இரண்டு தடவை சேர்த்து 5,400, இரண்டு டயர் 13,000, செல்ப் மோட்டார் 4,500, ஆயில் சில்லறை 8,000. இதில் கேஸ்கெட் வேலை மே மாதம், ரேடியேட்டர் வேலை ஜூனில். வரிசை தலைகீழாக இருக்கிறது. ரேடியேட்டர் அடைத்திருந்ததால்தான் சித்திரை வெயிலில் மலை ஏறும்போது எஞ்சின் கொதித்துக் கேஸ்கெட் போயிருக்கும். ஒரு மாதம் முன்னால் 6,200 செலவழித்திருந்தால் 14,800 மிச்சம். நம்ம பக்கத்துப் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று வீட்டுப் பாத்திரத்தைப் பார்த்தாலே தெரியும், அதையே ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படியாமல் என்ன செய்யும். இனிமேல் கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும்தான். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள், தண்ணீர் டீ நிறத்தில் இருந்தால் உடனே கழுவி மாற்றிவிடுங்கள்.

பிரேக்கும் அப்படித்தான். ஒரே வருடத்தில் இரண்டு தடவை லைனிங் மாற்றியிருக்கிறீர்கள், அதுவும் பின்சக்கரத்தில். 4,000 கிலோமீட்டரில் லைனிங் தேயாது. டிரம்மைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். லைனிங் கறுப்பாக, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கினால் ஆக்சில் ஆயில் சீல், அதாவது அச்சிலிருந்து ஆயில் வெளியே வராமல் தடுக்கிற வளையம், கசிகிறது என்று அர்த்தம். சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் மூன்றாவது தடவையும் அதே பில்தான் வரும். இரவு வண்டிக்கடியில் பெரிய அட்டை ஒன்றைப் போட்டுவையுங்கள். கறுப்புச் சொட்டு எஞ்சின் ஆயில், தேன்போல் கெட்டியாக இருப்பது கியர் ஆயிலோ ஆக்சில் ஆயிலோ, சக்கரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்போல் மெல்லிசாக வழுக்கினால் பிரேக் ஆயில். இந்த அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கேஸ்கெட்டும் பின்பிரேக்கும் சேர்த்து 20,200 ரூபாய். போன வருடச் செலவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, காரணத்தைப் பார்க்காமல் விளைவுக்கு மட்டும் கொடுத்த பணம். கிளட்ச், செல்ப், டயர் மூன்றும் இப்போதைக்கு மறுபடி வராது.

சரி, இனி என்ன செய்யலாம். ஜீப்புக்கென்று தனி சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்து, சம்பளம் வந்ததும் 5,000 ரூபாயை அதில் தள்ளிவிடுங்கள், தோப்புக் காவலுக்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். இதில் மாதம் 1,000 நிலையான செலவுக்கு. உங்கள் ஜீப்பில் இருக்கும் பீஜோ எஞ்சின் 2,112 சிசி, 1,500 சிசிக்கு மேல் என்பதால் மூன்றாம் நபர் காப்பீடு 7,897 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 9,300 தாண்டும். இந்த வயது வண்டிக்கு அதுவே போதும், முழுக் காப்பீடு எடுத்தால் பிரீமியத்துக்கு ஏற்ற பணம் திரும்பி வராது. 20 வருடம் தாண்டிய காருக்கு ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பிக்க 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள், அதற்கு முன் 5,000. பசுமை வரி தனி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் என்றாலும் தேதியை விட்டால் மாதம் 500 அபராதம் ஏறும். உங்கள் வண்டி 2011, 2016, 2021 என்று புதுப்பித்திருப்பதால் அடுத்தது 2026. டீசல் வண்டிக்குப் பத்து வருடம்தான் என்கிற பேச்சைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது டெல்லி வட்டாரத்துக் கதை. இங்கே தகுதிச் சோதனையில் தேறினால் ஓட்டலாம்.

மீதி 4,000 ரிப்பேருக்கு. செலவழிக்காத மாதம் அது அங்கேயே இருக்கட்டும்.

உடனடி வேலைக்குச் சேமிப்பிலிருந்து 25,000 எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பிரேக், ஆக்சில் சீல், முன்சக்கரத்தைத் திருப்புகிற டை ராடு எண்ட், கிங்பின் பேரிங் இவற்றை முதலில் முடியுங்கள். மலைப்பாதையில் இறங்கும்போது உங்கள் உயிரைப் பிடித்திருப்பது இவைதான். டீசல் பம்ப்பையும் நாசிலையும் சரியான அளவுக்கு வைக்கிற கேலிப்ரேஷனை மாங்காய்ப் பணம் வந்ததும் பார்க்கலாம். பாடியும் பெயின்ட்டும் கடைசி, மகள் கல்லூரியில் சேர்ந்தபிறகு.

பார்ட்ஸ் விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அந்தக் கால ஜீப்புகளில் ஒன்றுக்கொன்று பொருந்தும் பாகங்கள் நிறைய, அதனால் இன்னமும் கிடைக்கிறது. வேலூரில் இல்லாவிட்டால் சென்னை ஜி.பி. ரோட்டில் புதுசு பாருங்கள், புதுப்பேட்டையில் பழசு. ஆனால் அவசரத்தில் ஒரே ஒரு சாமானுக்காக ஒரு நாள் லீவு போட்டு ஓடாதீர்கள், பட்டியல் சேர்த்துக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை போங்கள். கியர்பாக்ஸ் கூடு, ஆக்சில் கூடு, பானெட், கதவு மாதிரி இரும்பு சாமான் பழசாக வாங்கலாம். பிரேக் ரப்பர், ஹோஸ், பேரிங், கிளட்ச் பிளேட், ஸ்டியரிங் சாமான் எதையும் பழசு வாங்கவே கூடாது, அதிலும் நூறு ரூபாய் குறைவாக இருக்கிறதே என்று போலி ரப்பர் கிட் போட்டால் பிரேக் ஆயிலில் ஊறிப்போய் நடுவழியில் பெடல் கீழே இறங்கிவிடும். எனக்கு அது நடந்திருக்கிறது, அமிர்தி காட்டு ரோட்டில், மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு மேட்டில் இருந்ததால் தப்பித்தோம்.

வேறு எஞ்சின் மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், ஆர்டிஓ அனுமதியும் ஆர்சியில் புது எஞ்சின் எண்ணும் இல்லாமல் சம்மதிக்காதீர்கள். எண் மாறிய வண்டிக்குக் காப்பீடும் சிக்கல், விற்கும்போது விலையும் பாதி.

பெங்களூருக்காரரின் எண்ணை அழித்துவிட வேண்டாம். சேஸிஸில் விரிசலோ ஆழமான துருவோ தெரிந்தால், அல்லது இந்த வேலைகளெல்லாம் முடிந்தபிறகும் ஒரே வருடத்தில் ரிப்பேர் மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டினால், அப்போது விற்றுவிடுங்கள், தோப்பு வேலைக்கு சீசனில் வாடகை வண்டி போதும். அடுத்த வாரம் பிரேக் டிரம்மைக் கழற்றும்போது அந்த லைனிங்கை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.