மீன் தொட்டியில் மட்டி சாவது பற்றி

வணக்கம் சார். பாகூர் ஏரியிலிருந்து கொண்டுவந்து மீன் தொட்டியில் விட்ட மட்டியெல்லாம் ஒவ்வொன்றாய் வாய் பிளக்குது, தண்ணி பளிங்கு மாதிரிதானே இருக்குன்னு கேட்டிருக்கீங்க. அந்தப் பளிங்குத் தண்ணிதான் சிக்கலே. மட்டி செவுளால் தண்ணியை வடிகட்டி, மிதக்கிற நுண்பாசியைத் தின்னும். மீன் தீனி அதுக்கு ஆகாது. பட்டினியிலேயே சில வாரம் தாக்குப்பிடிக்கும், அதனால்தான் தாமதமா தெரியுது.

வாய் பிளந்த மட்டியைத் தொட்டுப் பாருங்க. மூடினால் உயிர் இருக்கு. மூடலைன்னா உடனே எடுத்துடுங்க, அழுகினால் அம்மோனியா ஏறி மீனும் போயிடும். மிச்சத்தைப் நுண்பாசியால் பச்சையான தண்ணி நிற்கிற சிமெண்டுத் தொட்டிக்கு மாத்துங்க. புதைய நாலு விரற்கடை மணல் வேணும்.

தொட்டியில் மட்டிக்குஞ்சு வளருமான்னு கேட்டீங்களே: குஞ்சு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கிடந்துதான் மட்டியாகும், வீட்டுத் தொட்டியில் கஷ்டம். அடுத்தது பிடிக்க ஊசுட்டேரிக்குப் போயிடாதீங்க, அது சரணாலயம்.