கேள்வி பதில்: சிறிய கூடம், பெரிய ஓசை

சென்ற இதழில் ஹெவி மெட்டல் குறித்து ஒரே ஒரு கேள்விக்கு விடையளித்ததைத் தொடர்ந்து, அவ்வகை இசைக்காக நடத்தப்படும் சிறு விழாக்களைப் பற்றிக் கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஆறு கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

பெரிய ராக் விழாக்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். சிலவற்றை மட்டும் ‘சுயாதீன விழா’ என்று தனியே சொல்வது ஏன்? அளவில் சிறியது என்பதுதான் வேறுபாடா?
– வாசகர், கோயம்புத்தூர்

அளவு இங்கே இரண்டாவது செய்திதான். மேடையில் யார் ஏறுவது என்பதை யார், எதைக் கருதி முடிவு செய்கிறார் என்பதே முதற்செய்தி. பெருவிழாவில் சுவரொட்டியின் மேல்வரிசைப் பெயர்கள் டிக்கெட்டை விற்றுத் தரும். அந்தப் பெயர்களுக்கான ஊதியமே செலவின் பெரும்பங்கை விழுங்கும். ஆகவே அங்கே புதியவருக்குக் கிடைப்பது வெயில் காயும் பிற்பகலின் முதல் அரை மணி நேரம்.

நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் நடைபெறும் ரோட்பர்ன் விழா இதற்கு நேர்மாறான போக்கை உடையது. வால்டர் ஹூய்மேக்கர்ஸ், யுர்கன் வான் டென் பிராண்ட் என்னும் இருவர் 1999-இல் தொடங்கிய அவ்விழா, மந்தகதியில் கனத்து ஒலிக்கும் ஸ்டோனர், டூம் வகைக் குழுக்களுக்கான சிறு கூடுகையாக இருந்து, பிறகு எந்த வகைக்குள்ளும் அடங்காத இசைக்கெல்லாம் இடம் தருவதாக வளர்ந்தது. நகரின் தொலைபேசிக் குறியீட்டையே பெயராகக் கொண்ட ‘013’ என்னும் இசைக்கூடந்தான் அதன் மையம். 2015-இல் புதுப்பிக்கப்பட்ட அதன் பெரிய அரங்கில் மூவாயிரம் பேர் நிற்கலாம். வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் கொண்ட ஒரு பழைய கத்தோலிக்கக் கட்டடம் பல ஆண்டுகள் அதன் இரண்டாவது மேடையாக இருந்தது. இப்போது முன்னாள் ரயில்வே பணிமனை வளாகத்துக் கூடங்கள் அந்த இடத்தைப் பிடித்துள்ளன. 

2008 முதல் அவ்விழா ஒரு வழக்கத்தை மேற்கொண்டது. நிகழ்ச்சிகளில் ஒரு பகுதியைத் தெரிவு செய்யும் பொறுப்பு, ஆண்டுதோறும் ஓர் இசைக்கலைஞரிடமோ குழுவிடமோ ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு டேவிட் டிபெட்டும், 2009-இல் நியூரோசிஸ் குழுவும், 2010-இல் டாம் ஜி. வாரியரும், 2012-இல் கனடாவின் வாய்வாட் குழுவும் அப்பொறுப்பை ஏற்றனர். விற்பனைக் கணக்குப் பார்ப்பவர் அழைக்காத ஒருவரை, தம் இளமையில் கேட்டுக் கிறங்கிய காரணத்துக்காகவே ஒரு கலைஞர் அழைப்பார் என்பதே இதன் பயன்.

இன்னொன்று, புதிய படைப்பைக் கேட்டு வாங்கும் துணிவு. செல்டிக் ஃப்ராஸ்ட் குழு மூன்று பகுதிகளாகத் திட்டமிட்ட ஓர் இரங்கல் இசையின் முதற்பகுதி 1987-இலும் இறுதிப்பகுதி 2006-இலும் இசைத்தட்டுகளில் வெளிவந்தன. நடுப்பகுதி எழுதப்படாமலே குழு கலைந்தது. அக்குழுவை நடத்திய வாரியரிடம் அந்த நடுப்பகுதியை எழுதச் சொல்லி, அவருடைய ட்ரிப்டிகான் குழுவையும் நெதர்லாந்தின் மெட்ரோபோல் இசைக்குழுவையும் ஒரே மேடையில் அமர்த்தி, 2019 ஏப்ரலில் முழுப் படைப்பையும் அரங்கேற்றியது ரோட்பர்ன். முப்பத்திரண்டு ஆண்டுகளாகக் குறைபட்டுக் கிடந்த ஒன்றை முடித்து வைக்கும் வேலையை ஒரு பெருவிழாவின் கணக்கர் ஒப்பமாட்டார்.

ஒரே சுருதியை அரை மணி நேரம் இழுப்பதை இசை என்கிறார்கள். தங்களுக்கு அது இரைச்சலாகத் தோன்றவில்லையா?
– வாசகர், கும்பகோணம்

கும்பகோணத்திலிருந்து இக்கேள்வி வந்ததுதான் வியப்பு. நாகஸ்வரக்காரருக்குப் பின்னால் நின்று ஒத்து ஊதுபவர் மணிக்கணக்கில் செய்வது என்னவோ, அதையே சன் என்னும் அமெரிக்கக் குழு இரண்டு கிடார்களையும் சுவர்போல் அடுக்கிய ஆம்ப்ளிஃபயர்களையும் கொண்டு செய்கிறது. வேறுபாடு என்னவென்றால், அங்கே நாகஸ்வரம் வருவதில்லை; ஒத்தே கச்சேரி. பிடிக்காமல் போக முழு உரிமை உண்டு.

பணி நிமித்தமாக ஐந்தோவனில் வசிக்கிறேன். டில்பர்க் ரயிலில் அரை மணி நேரத்துக்குள் உள்ள ஊர்தான். வரும் ஏப்ரலில் முதன்முறையாகத் தனியே ரோட்பர்ன் போக எண்ணுகிறேன். எதற்கு ஆயத்தமாக வேண்டும்?
– வாசகி, ஐந்தோவன்

முதலில் காது. ஓசையளவு 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பதும், ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பதும் அமெரிக்கத் தொழில்நலத் துறையினர் வகுத்த கணக்கு. அதன்படி 100 டெசிபலில் பதினைந்து நிமிடந்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் இசையரங்குகளுக்குப் பரிந்துரைத்த உச்சவரம்பும், பதினைந்து நிமிடச் சராசரியாக 100 டெசிபல்தான். நெதர்லாந்தில் அரசும் இசைக்கூடங்களும் செய்துகொண்ட உடன்பாடோ 103 டெசிபல் வரை இடம் தருகிறது. அந்த அளவில் வெறுங்காதோடு நிற்பவரின் ஒரு நாள் பங்கு ஏழரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். விழாவோ நான்கு நாள். ஆகவே இசைக்கேட்பவர்களுக்கென்றே செய்யப்பட்ட, வடிகட்டி பொருத்திய காதடைப்பான்களை வாங்கிக்கொள்ளுங்கள். அவை 15 முதல் 20 டெசிபல் வரை குறைத்தாலும் சுரங்களின் தெளிவைக் கெடுப்பதில்லை. பஞ்சு அடைப்பது பயனற்றது. அடைப்பானைக் காதுக்குள் சரியாகத் திருகிப் பொருத்த வீட்டிலேயே பழகிக்கொள்ளவும்; தளர்வாகச் செருகியது பாதிப் பயனும் தராது. இருந்தும் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரமாவது வெளியே வந்து உட்கார்ந்திருங்கள்.

அடுத்தது கூடங்களின் கொள்ளளவு. நுழைவுப்பட்டை கையில் இருப்பதாலேயே எந்தக் கூடத்திலும் நுழைந்துவிடலாம் என்று முதன்முறை செல்வோர் எண்ணிவிடுவர். சிறிய கூடம் நிறைந்தால் கதவை மூடிவிடுவார்கள். ஒருவர் வெளியேறினால்தான் ஒருவர் உள்ளே போகலாம். நான் இவ்வகை விழா ஒன்றுக்கு முதன்முறை போனபோது, ஐந்தாறு பெயர்களைக் குறித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஓடி, மூன்று வரிசைகளில் நின்று, எதையும் முழுமையாகக் கேட்காமல் அறைக்குத் திரும்பினேன். மறுநாள் கால் ஓய்ந்து ஒரே கூடத்தில் கிடந்தபோது, பெயரே கேள்விப்பட்டிராத ஒரு குழு என்னை உலுக்கிவிட்டது. நாளுக்கு இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் உறுதியாகக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய், மற்ற நேரத்தைத் தற்செயலுக்கு விட்டுவிடுங்கள்.

தனியாகப் போவது பற்றித் தயங்க வேண்டாம். இவ்விழாவுக்குப் பல நாடுகளிலிருந்தும் தனியாக வருபவர்கள் பலர். கறுப்புச் சட்டையும் கடுமுகமுமாக நிற்பவரிடம் அவர் சட்டையில் எழுதியிருக்கும் குழுவின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். பேச்சை நிறுத்துவதுதான் கடினமாக இருக்கும்.

மெட்டல் பிறந்தது பர்மிங்காமில் என்கிறார்கள். அவ்வூரில் இத்தகைய விழா ஏதும் உண்டா?
– வாசகர், கொழும்பு

உண்டு. லிசா மேயரும் ஜென்னி மூரும் நடத்திய காப்ஸ்யூல் என்னும் அமைப்பு 2003-இல் தொடங்கிய சூப்பர்சோனிக் விழா, டிக்பெத் என்னும் பழைய தொழிற்சாலைப் பகுதியில் வேர்கொண்டது. மெட்டலோடு இரைச்சலிசையும் நாட்டாரிசையும் கலந்து வரும் அவ்விழாவில் குழந்தைகளுக்கென்றே தனிக் கச்சேரிகள் நடத்தியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இடப்பொருத்தமும் கருதத்தக்கது. மெட்டலைத் தொடங்கி வைத்ததாகக் கருதப்படும் பிளாக் சாபத் குழுவின் கிடார்க் கலைஞர் டோனி அயோமி, பதினேழு வயதில் அவ்வூர்த் தகட்டுத் தொழிற்சாலையில் வலக்கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுடையவராதலால், தந்தியை அழுத்தும் விரல்களே போயின. பிளாஸ்டிக்கை உருக்கி விரல்நுனி செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பிற்பாடு அழுத்தம் குறையச் சுருதியையும் தாழ்த்தினார். இன்று மெட்டலின் இலக்கணமாகிவிட்ட அந்தத் தாழ்ந்த ஓசையில் அந்த விபத்துக்கும் பங்கு உண்டு. அவ்வரலாற்றைத் தொகுக்கும் பணியையும், நகரமே அதைப் பொருட்படுத்தாமலிருந்த காலத்தில், காப்ஸ்யூல் அமைப்பினரே மேற்கொண்டனர்.

யார் யார் வருவார்கள் என்று தெரியாத நிலையில், மாதக்கணக்கில் முன்னதாகவே டிக்கெட் வாங்கச் சொல்கிறார்கள். இது நம்பத்தகுந்த முறையா? பணம் போனால் யார் பொறுப்பு?
– வாசகர், சிங்கப்பூர்

உங்கள் ஐயம் முற்றிலும் நியாயமானது. இங்கிலாந்தில் பாரி ஹோகன் நடத்திய ஆல் டுமாரோஸ் பார்ட்டீஸ் விழாவின் கதையை இங்கே சொல்ல வேண்டும். கலைஞர்களே நிகழ்ச்சியைத் தெரிவு செய்யும் முறையை ரோட்பர்னுக்கு முன்பே நிலைநாட்டியது அதுதான். 2000-இல், கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையிலிருந்த ஒரு விடுமுறை முகாமில், மோக்வாய் குழுவின் தெரிவில் முதல் விழா நடந்தது; பாடுபவரும் கேட்பவரும் ஒரே முகாமின் குடில்களில் தங்கினர். பிறகு பல நாடுகளுக்கும் விரிந்த அந்த நிறுவனம் 2012-இல் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. வேறொரு நிறுவனத்தின் பெயரில் விழாக்கள் தொடர்ந்தன. 2014 ஆகஸ்டில் லண்டனில் நடக்கவிருந்த விழா, சில நாள்களே இருக்கையில் கைவிடப்பட்டது. பணத்தைத் திரும்பப் பெறப் பலர் அலைந்தனர். 2016 ஏப்ரலில் மான்செஸ்டர் விழாவும் அவ்வாறே கடைசி வாரத்தில் கைவிடப்பட, அவ்வாண்டு ஜூனில் கடையே மூடப்பட்டது. இசையில் அவர்களுடைய சுவையை எவரும் குறைசொல்லவில்லை. வரப்போகும் விழாவின் டிக்கெட் பணத்தைக் கொண்டு போன விழாவின் கடனை அடைப்பது தொடங்கிவிட்டால், பிறகு ஒரு விழா சற்றே மந்தமாக விற்றாலும் எல்லாம் சரியும். இத்தொழிலில் நிகழும் பெரும்பாலான வீழ்ச்சிகளின் வடிவம் இதுவே.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2010 ஏப்ரல் 14 அன்று ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்தது. மறுநாள் ஐரோப்பிய வான்வழிகள் அடைபட, அன்றுதான் அவ்வாண்டு ரோட்பர்ன் தொடங்கியது. வரவேண்டிய குழுக்கள் சில வரமுடியவில்லை. வந்து சேர்ந்தவர்களைக் கொண்டு விழா நடந்தது. இன்ன பெயருக்காகவே வந்தோம் என்று எண்ணும் கூட்டமாக இருந்தால் அது இயலாது.

ஆகவே மூன்றைப் பாருங்கள்: விழா தனக்கென நிலையான கூடம் ஒன்றைச் சார்ந்திருக்கிறதா, முந்தைய ஆண்டுகளில் கைவிட்டபோது பணத்தை எப்படித் திருப்பினார்கள், ஒரே ஆண்டில் திடீரென மூன்று நகரங்களுக்கு விரிகிறார்களா. மூன்றாவதற்கு விடை ‘ஆம்’ என்றால் பொறுத்திருங்கள்.

நாங்கள் நண்பர்கள் நால்வர். பெங்களூரில் இருநூறு பேர் கொள்ளும் கூடத்தில் ஆறு குழுக்களைக் கொண்டு ஒரு நாள் விழா நடத்த விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், பெங்களூரு

நல்ல ஊரில் இருக்கிறீர்கள். 2012 முதல் பெங்களூர் ஓப்பன் ஏர் விழா அங்கே மெட்டலுக்கென்று ஒரு கூட்டத்தைப் பழக்கி வைத்திருக்கிறது. ஆனால் அக்கூட்டம் முழுவதும் உங்களிடம் வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

தாளை எடுத்துக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். டிக்கெட் அறுநூறு ரூபாய் என்று வையுங்கள். இருநூறும் விற்றால் 1,20,000. அந்தத் தொகையை மறந்துவிட்டு, நூற்றிருபது டிக்கெட் மட்டுமே விற்கும் என்று கொண்டு, 72,000 ரூபாய்க்குள் அடங்கும் விழாவைத் திட்டமிடுங்கள். அடங்கவில்லையென்றால் குழுக்களை நான்காகக் குறையுங்கள். அவர்களுக்கான தொகையைக் குறைக்காதீர்கள். ‘மேடை தருகிறோம், அதுவே பெரிய வாய்ப்பு’ என்பது ஊதியமன்று. வெளியூர்க் குழுவுக்கு ரயில் கட்டணமும் சாப்பாடும் படுக்கையும் எந்நிலையிலும் உறுதி.

கூடத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒலிப்பொறியாளரைப் பிடியுங்கள். அவரையும் அழைத்துக்கொண்டு கூடத்தைப் பாருங்கள். கல்யாண மண்டபத்துக்கு மைக் செட் போடுபவர் தம் வேலையில் வல்லவராக இருக்கலாம். ஆனால் தாழ்சுருதிக் கிடாரும் இரட்டைப் பெடல் டிரம்ஸும் சேர்ந்து எழுப்பும் அடியோசையைக் கூழாகாமல் பிரித்துத் தருவது தனிப் பயிற்சி. மேடை ஒலிக்காகும் செலவில் கைவைக்கும் விழாவுக்கு அடுத்த ஆண்டு கிடையாது.

சட்டப்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்கத்துக்குள் ஒலிப்பதற்கு 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள் விலக்களித்தாலும், சுவருக்கு வெளியே பேஸ் ஓசை அதிர்ந்தால் பக்கத்து வீட்டார் காவல் நிலையத்துக்குப் போவதை அவ்விலக்கு தடுக்காது. மாலை நான்கு மணிக்குத் தொடங்குங்கள். ஆறு குழுக்களுக்குத் தலா நாற்பது நிமிடம், இடையே இருபது நிமிட மாற்றம் என்றால் 9.40-க்கு முடிந்துவிடும். அந்த இருபது நிமிடத்தைக் காப்பாற்ற ஒரே வழி, டிரம்ஸும் ஆம்ப்ளிஃபயர்களும் எல்லாருக்கும் பொதுவாக மேடையிலேயே நிற்பதுதான்; டிரம்ஸ் வாசிப்பவர் தம் ஸ்நேர், சிம்பல், பெடல் ஆகியவற்றை மட்டும் கொண்டு வரட்டும். இந்த ஏற்பாட்டை ஒரு மாதம் முன்பே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பிறர் பாடலை வாசிக்கும் குழு இருந்தால், பதிப்புரிமைச் சங்கத்தின் உரிமத்தையும் முன்கூட்டியே வாங்கிவிடவும்.

வாசலில் ஒரு டப்பா நிறையக் காதடைப்பான்கள், குடிக்க இலவசத் தண்ணீர், பெண்கள் முறையிட்டால் உடனே செயல்படக்கூடிய பொறுப்பாளர் ஒருவர்: இம்மூன்றும் செலவுப் பட்டியலின் கடைசி வரிக்குத் தள்ளப்படுவதைப் பார்த்திருக்கிறேன், முதல் வரியில் எழுதுங்கள். நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே, கடைசி ஆம்ப்ளிஃபயர் வண்டியில் ஏறுவதற்குள், ஆறு குழுக்களுக்கும் உரியதைக் கொடுத்துவிட்டு, வரவு செலவுத் தாளின் நகலையும் அவர்கள் கையில் கொடுங்கள்.