முட்டி சரியாகிவிட்டது, பாதம் ஏன் எழவில்லை?

கேள்வி: ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன் டாக்டர். என் தம்பிக்கு 20 வயது. சேலத்தில் கல்லூரியில் படிக்கிறான், கல்லூரி ஃபுட்பால் டீமில் டிஃபென்ஸ் ஆடுவான். பத்து வாரத்துக்கு முன் ஒரு மேட்சில் எதிர் டீம் பையன் காலின் மேலேயே விழுந்து, வலது முட்டி விலகிவிட்டது. இரண்டு ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனது. முட்டி இப்போது நன்றாக மடங்குகிறது. ஆனால் பாதம் தொங்குகிறது. பெருவிரலைக்கூட மேலே தூக்க முடியவில்லை, பாதத்தின் மேல்பக்கம் மரத்துக் கிடக்கிறது. ‘நரம்பு இழுபட்டிருக்கிறது, பொறுத்துப் பார்க்கலாம்’ என்று டாக்டர் சொன்னார். எத்தனை நாள் என்று கேட்கத் தோன்றவில்லை. அக்கம்பக்கத்தில் நரம்பு ஊசி போடச் சொல்கிறார்கள், எண்ணெய் போட்டு நீவச் சொல்கிறார்கள். தம்பியோ ஜெய்லன் ஸ்மித் என்ற அமெரிக்க வீரரின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான், மற்ற நேரம் யாரிடமும் பேசுவதில்லை. அவன் மறுபடி ஆடுவானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

‘பொறுத்துப் பார்க்கலாம்’ என்று உங்கள் டாக்டர் சொன்னது சரிதான். ஆனால் அந்தப் பொறுமைக்கு ஒரு கெடு உண்டு. அது எந்த மாதம் முடிகிறது, அதுவரை வீட்டில் என்ன செய்ய வேண்டும், இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு காத்திருந்தால்தான் அது வைத்தியம். தெரியாமல் காத்திருந்து, ஒன்றரை வருடம் கழித்து மெலிந்த காலோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கனத்துப் போகிறது. உங்கள் தம்பிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே, விரலால் தடவினால் உருண்டையாக ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். அதற்கு நேர் கீழே, தோலுக்கு அடியிலேயே, எலும்பைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு போகிறது. காமன் பெரோனியல் நரம்பு என்று பெயர். பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்குவது, பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்புவது, பாதத்தின் மேல்புறத்துக்கு உணர்ச்சி கொடுப்பது எல்லாம் இதன் வேலை. முட்டி விலகி அதன் வெளிப்பக்கம் பிளந்துகொள்ளும்போது அந்தப் பக்கத்து ஜவ்வு அறுகிறது, கூடவே இந்த நரம்பும் இழுபடுகிறது. எலும்போடு ஒட்டிப் போகிற நரம்பு என்பதால் விலகிக்கொடுக்க அதற்கு இடம் கிடையாது.

இழுபட்ட நரம்பு பழைய தாம்புக்கயிறு மாதிரி. வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே எத்தனை புரி அறுந்திருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. இங்கிலாந்து மருத்துவர் ஹெர்பர்ட் செடன் 1943-ல் நரம்புக் காயங்களை மூன்று வகையாகப் பிரித்தார். இன்றைக்கும் நாங்கள் அதை வைத்துத்தான் யோசிக்கிறோம். முதல் வகையில் நரம்பிழைகள் அறுவதில்லை, செய்தி மட்டும் தடைப்படுகிறது. சில வாரங்களில், அதிகம் போனால் சுமார் மூன்று மாதத்தில் தானே சரியாகும். இரண்டாவதில் உள்ளே இழைகள் அறுந்திருக்கும், வெளி உறை மிஞ்சியிருக்கும். அந்த உறைக்குள்ளேயே இழைகள் மறுபடி வளர்ந்து வர வழி உண்டு. மூன்றாவதில் நரம்பே முழுசாக அறுந்துபோயிருக்கும், அல்லது உள்ளே தழும்பேறி வழி அடைத்துப்போயிருக்கும். அது தானாகச் சேராது. பத்து வாரமாகியும் பெருவிரல் துளிகூட அசையவில்லை என்கிறீர்கள். அதனால் முதல் வகையாக மட்டும் இருக்க வாய்ப்பு குறைந்துகொண்டே வருகிறது.

இரண்டாவது வகை என்றால் கணக்கு இப்படி வரும். அறுந்த இழை நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும், மாதத்துக்குச் சுமார் ஒரு அங்குலம். காயம் அந்த எலும்பு மேட்டுக்குப் பக்கத்தில் மட்டும் இருந்தால், பாதத்தைத் தூக்கும் தசைக்கு இழை போய்ச் சேர மூன்று நான்கு மாதம் ஆகலாம். ஆனால் முட்டி விலகும்போது நரம்பு ஒரே இடத்தில் அடிபடுவதில்லை, முட்டிக்கு மேலேயும் நீளமாக இழுபட்டிருக்கும். அப்போது 20 சென்டிமீட்டர் வளர வேண்டியிருந்தால் 200 நாள். ‘இத்தனை வாரமாகியும் ஒன்றும் தெரியவில்லையே’ என்று இப்போதே கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. நரம்பு வந்து சேராத தசை நாளாக நாளாகச் சுருங்கி, கொழுப்பும் நாருமாக மாறிவிடும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் தாண்டிவிட்டால் நரம்பு வந்தாலும் வேலை வாங்க அங்கே தசை இருக்காது. இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்தான் உங்கள் கெடு இருக்கிறது.

அதனால் இந்த வாரமே நரம்புக் கடத்தல் பரிசோதனையும், தசையில் மெல்லிய ஊசி வைத்துப் பார்க்கும் இ.எம்.ஜி. பரிசோதனையும் செய்ய ஏற்பாடு செய்யுங்கள். அடிபட்ட முதல் மூன்று வாரத்துக்குள் செய்தால் இவை சரியாகக் காட்டாது. இப்போது செய்தால் தெளிவாகக் காட்டும். ஒரு இழையாவது தசையோடு பேசிக்கொண்டிருந்தால், கண்ணுக்கு அசைவு தெரியாதபோதே ஊசிக்குத் தெரிந்துவிடும். மூன்று மாதம் கழித்து மறுபடி செய்து, முன்னேற்றம் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இன்னொரு முக்கியமான கேள்வியை ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேளுங்கள்: ‘வெளிப்பக்க ஜவ்வைச் சரிசெய்தபோது நரம்பைப் பார்த்தீர்களா, அது முழுசாக இருந்ததா?’ அந்தப் பக்கம் ஆபரேஷன் செய்கிறவர் பெரும்பாலும் நரம்பை ஒதுக்கிப் பாதுகாத்துவிட்டுத்தான் வேலை செய்வார். ஆபரேஷன் குறிப்பில் எழுதியும் இருப்பார். எந்த ஸ்கேனையும் விட அந்த ஒரு வரி பெரிய தகவல்.

அடிபட்டு ஆறு மாதம் நெருங்கியும் இ.எம்.ஜி.யிலும் ஒன்றும் இல்லை, காலிலும் ஒன்றும் இல்லை என்றால் மேலே காத்திருக்க வேண்டாம். நரம்பு அறுவை சிகிச்சை செய்கிறவரிடம் போய்விடுங்கள். நரம்பைத் திறந்து பார்த்து, தழும்பை விடுவிப்பார்கள். கெட்டுப்போன பகுதி இருந்தால் வெட்டிவிட்டு, கெண்டைக்காலிலிருந்து ஒரு உணர்ச்சி நரம்பை எடுத்து ஒட்டுவார்கள். ஒட்டும் துண்டின் நீளம் கூடக்கூடப் பலன் குறையும், காலம் தள்ளிப்போனாலும் குறையும். ஒளிக்காமல் சொல்வதென்றால், இந்த நரம்பு பாதி மட்டும் செயலிழந்தவர்களில் பெரும்பாலோர் நன்றாகத் தேறுகிறார்கள். முழுசாகச் செயலிழந்தவர்களில் நல்ல பலம் திரும்புவது பாதிப் பேருக்கும் குறைவு.

நரம்பு வராமலே போனாலும் அதோடு முடியவில்லை. பாதத்தை உள்பக்கமாகத் திருப்பும் தசைக்கு வேறு நரம்பு, உங்கள் தம்பிக்கு அது நன்றாகவே இருக்க வேண்டும். அந்தத் தசைநாணை எடுத்து, பாதத்தின் மேல்பக்கம் கொண்டுவந்து இணைத்தால், பாதம் மறுபடி எழும். தசைநாணை இப்படி இடம் மாற்றும் அறுவை சிகிச்சைக்கு நம் பக்கத்தோடு ஆழமான உறவு உண்டு. உங்கள் சேர்வராயன் மலைக்குத் தெற்கே இருக்கிற கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1940-களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில், தொழுநோயால் நரம்பு செத்து மடங்கிப்போன விரல்களை இந்த வழியில்தான் அவர் மறுபடி வேலை செய்ய வைத்தார். தொங்கிய பாதத்துக்கும் அதே தத்துவம்தான். இந்த ஆபரேஷனுக்கு ஒரு நிபந்தனை உண்டு: கணுக்கால் இறுகிப்போயிருக்கக் கூடாது.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலையும் இதுதான். பாதம் தொங்கிக்கொண்டே இருந்தால் குதிகால் நாண் சில மாதங்களில் குறுகிவிடும். பிறகு நரம்பே திரும்பி வந்தாலும் பாதத்தைத் தூக்க முடியாது. காலை நீட்டி உட்காரவைத்து, பாதத்துக்கு அடியில் ஒரு துண்டை மாட்டி, இரண்டு கையாலும் தன்னை நோக்கி இழுத்து அரை நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஐந்தாறு முறை, ஒரு நாளில் நாலைந்து தடவை. முட்டியில் எவ்வளவு பாரம் தரலாம் என்பதை மட்டும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இழுத்து முடித்தவுடன் பாதத்தைத் தானே தூக்க முயற்சி செய்ய வேண்டும், அசையாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நாள் துளி அசைவு வரும்போது முதலில் அவனுக்குத்தான் தெரியும்.

பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிரேஸ், ஏ.எஃப்.ஓ. என்பார்கள், இன்னும் வாங்கவில்லை என்றால் உடனே அளவு கொடுத்துச் செய்யுங்கள். செருப்போடு போட முடியாது, கயிறு கட்டும் ஷூ கொஞ்சம் பெரிய அளவில் வேண்டும். சமதளத்தில் இருப்பவர்களை விட உங்களுக்கு இது அவசியம். ஏற்காட்டில் எந்தப் பக்கம் நடந்தாலும் ஏற்றம் இல்லாவிட்டால் இறக்கம். ஏறும்போது விரல் தடுக்கும். இறங்கும்போது பாதத்தை மெதுவாகக் கீழே வைக்கிற தசை வேலை செய்யாததால் ‘பட்’டென்று அறையும். கணுக்கால் உள்பக்கமாகப் பிறழவும் செய்யும். பிரேஸைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் பிரேஸைத் திருத்த வேண்டும். அதன் பட்டையோ முட்டி பிரேஸின் பட்டையோ நான் சொன்ன எலும்பு மேட்டை அழுத்தவே கூடாது. சம்மணம் போட்டு, குத்துக்காலிட்டு வெகுநேரம் உட்காருவதும், கால்மேல் கால் போடுவதும் இப்போதைக்கு வேண்டாம்.

மார்கழி, தை குளிரில் மரத்த பாதத்தை அடுப்புப் பக்கம் நீட்டுவதும், வெந்நீர்ப் பை வைப்பதும் ஆபத்து. சுட்டால் அவனுக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கம்பளிச் சாக்ஸ் போதும். பைக்கும் வேண்டாம். வலது பாதம் பிரேக்கின் மேல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத காலோடு 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. பஸ்ஸில் வரட்டும்.

ஊசி பற்றிக் கேட்டீர்கள். நரம்பு ஊசி என்று போடுவது பெரும்பாலும் பி12 வைட்டமின். ரத்தத்தில் அது குறைவாக இருந்தால் கட்டாயம் போட வேண்டும், ஒரு பரிசோதனையில் தெரிந்துவிடும். குறைவில்லாதவனுக்குப் போட்டால் இழுபட்ட நரம்பு வேகமாக வளரும் என்று நம்ப இடமில்லை. கரண்ட் வைப்பதும் நரம்பை வளர்க்காது. பிசியோதெரபிஸ்ட் வைத்தால் வைக்கட்டும், ஆனால் அதோடு பயிற்சி முடிந்தது என்று ஆகிவிடக் கூடாது. எண்ணெய் தடவலாம், தவறில்லை. முட்டியின் வெளிப்பக்கம் அழுத்தி நீவுவதும், இறுக்கி நாட்டுக்கட்டுப் போடுவதும் கூடவே கூடாது. ஏற்கெனவே அடிபட்ட நரம்பை அதே இடத்தில் மறுபடி நசுக்குகிற வேலை அது. இரவில் எரிச்சல், ஷாக் அடிப்பது போன்ற வலி இருந்தால் சொல்லுங்கள், அதற்குத் தனி மாத்திரை உண்டு.

இப்போது ஜெய்லன் ஸ்மித். அவர் ஆடுவது அமெரிக்க ஃபுட்பால், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். 2016 ஜனவரி 1 அன்று நோட்ர டேம் பல்கலைக்கழகத்துக்காக ஆடியபோது இடது முட்டியில் இரண்டு ஜவ்வு கிழிந்து, இதே நரம்பு இழுபட்டுப் பாதம் தொங்கியது. தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்போது முதல் சில இடங்களுக்குள் தேர்வாவார் என்று எல்லோரும் எதிர்பார்த்த வீரர், அந்த வருடம் 34-வது ஆளாகத்தான் டல்லஸ் கவ்பாய்ஸ் அணிக்குப் போனார். 2016 சீசன் முழுக்க ஆடவில்லை. 2017-ல் களம் இறங்கியபோதும் பிரேஸ் போட்டுக்கொண்டுதான் ஆடினார். 2019 சீசனில் சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பௌலுக்குத் தேர்வானார். உங்கள் தம்பி பார்க்கும் வீடியோக்களில் கடைசிப் பகுதிதான் அதிகம் இருக்கும். நடுவில் இருக்கும் அந்த ஆடாத வருடத்தையும், பிரேஸ் போட்ட வருடத்தையும் அவனிடம் எடுத்துச் சொல்லுங்கள். இப்போது அவனுக்குத் தேவை அந்தப் பகுதிதான். அதே நேரம், இது முடியும் என்பதற்கு ஸ்மித் சாட்சி, எல்லோருக்கும் இப்படியே ஆகும் என்பதற்கு அல்ல.

நம் ஃபுட்பாலில் இன்னொரு விஷயம். பாதத்தை நீட்டி ஓங்கி உதைக்கும் தசைகளுக்கு வேறு நரம்பு, அதனால் நின்ற இடத்தில் அவனால் இப்போதே பந்தை உதைக்க முடியலாம். அதை நம்பி மைதானத்தில் இறங்கிவிடக் கூடாது. ஓடும்போது விரலைத் தூக்க வேண்டும், சட்டென்று திரும்பும்போது கணுக்கால் வெளிப்பக்கம் பிடித்து நிற்க வேண்டும், பந்து பாதத்தின் மேல் படுவது தெரிய வேண்டும். டிஃபென்ஸ் ஆடுகிறவனுக்கு இந்த மூன்றும் வேண்டும். மறுபடி ஆடுவானா என்றால், பாதம் புவியீர்ப்பை எதிர்த்து எழும் அளவுக்குப் பலம் வந்தால், முட்டி ஜவ்வும் உறுதியாக இருந்தால், ஒன்றரை இரண்டு வருடத்தில் ஆட வாய்ப்பு இருக்கிறது. பழைய வேகத்தில் ஆடுவானா என்பதற்கு இரண்டாவது இ.எம்.ஜி. பார்க்காமல் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. நடப்பது, படிப்பது, வேலைக்குப் போவது, இவற்றுக்கு எந்தப் பாதையில் போனாலும் வழி இருக்கிறது. இதை மட்டும் அவனிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

அவன் பேசாமல் இருப்பதை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனீர்கள். எனக்கு அது காலைப் போலவே முக்கியம். 20 வயதில் டீமும் மைதானமும் ஒரே நாளில் போய்விட்டது. கூட ஆடிய பையன்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அவனைக் கேட்டுக்கொண்டு. மாலையில் மேட்ச் இருந்தால் பார்க்கவாவது போகட்டும். தூக்கமில்லை, சாப்பிடவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எலும்பு முறிவு பிரிவில் காட்டி, நரம்பியல், பிசியோதெரபி பிரிவுகளுக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப்போய் எது அதில் அடங்கும் என்று கேளுங்கள். பிரேஸுக்கு உதவி கிடைக்குமா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள். பிசியோதெரபிக்குத் தினமும் மலை இறங்க முடியாது. வாரம் ஒரு தடவை வந்து, அந்த வாரத்துப் பயிற்சியை எழுதி வாங்கிப்போய் வீட்டில் செய்தால் போதும். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, எம்.ஆர்.ஐ. படம் மூன்றையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். இ.எம்.ஜி. ரிப்போர்ட் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.