பாரதி பாட்டுக்கு யார் உரிமை கேட்பது?

கேள்வி: பாரதியார் பாடல் ஒன்றை நானே பாடிப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றினேன். ஒலிப்பதிவு நிறுவனம் ஒன்று அதற்கு உரிமை கோரியிருப்பதாக அறிவிப்பு வந்தது. பாரதியின் பாடல்கள் நாட்டுடைமை அல்லவா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: நாட்டுடைமைதான்; அதில் ஐயமே வேண்டாம். 1949இல் சென்னை மாகாண அரசு பெற்ற உரிமை, பின்னர் பொதுமக்களுக்கே வழங்கப்பட்டது. ஆனால் அவ்வாறு பொதுவானவை பாரதியின் வரிகள் மட்டுமே. வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றையும் நம் பதிப்புரிமைச் சட்டம் தனித்தனிப் படைப்புகளாகக் கொள்கிறது. முதலிரண்டுக்கும் படைத்தவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும், ஒலிப்பதிவுக்கு அது வெளியான பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. எனவே, திரைப்படத்துக்காகப் பிற்காலத்தில் ஒருவர் அமைத்த மெட்டில் நீங்கள் பாடியிருந்தால், குரல் உங்களுடையதே ஆனாலும், அந்த மெட்டின் உரிமையாளர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இணையத்தில் கிடைத்த கரோக்கி இசையைப் பின்னணியில் ஒலிக்கவிட்டிருந்தால், அது வேறொருவரின் ஒலிப்பதிவு என்பதால் சிக்கல் இரட்டிப்பாகும்.

மெட்டு உங்களுடையதாகவோ பழைய மரபில் வந்ததாகவோ இருந்து, பிறர் பதிவு எதுவும் கலக்கவில்லை என்றால், தயங்காமல் மறுப்புத் தெரிவியுங்கள். பாடல்களை ஒப்பிட்டு உரிமைக்காரரைக் கண்டறிவது பெரும்பாலும் கணினிதான். ஒரே கீர்த்தனையை நூறு பேர் பாடும் கர்நாடக இசையில் அது தடுமாறுவதில் வியப்பில்லை. உங்கள் மறுப்புக்கு விடையளிக்க, உரிமை கோரியவருக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அவர் பேசாதிருந்தால் கோரிக்கை தானே நீங்கிவிடும். இத்தகைய கோரிக்கையால் பெரும்பாலும் விளம்பர வருவாய்தான் கோரியவருக்குப் போகும். காணொளியையே நீக்கச் செய்யும் 'ஸ்ட்ரைக்' வேறு, அதுவே அஞ்சத்தக்கது.

கேள்வி: 1964இல் வெளிவந்த இசைத்தட்டை இப்போது தாராளமாக இணையத்தில் ஏற்றலாமா? உரியவருக்கு நன்றி என்று கீழே எழுதிவிட்டால் போதாதா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: அந்த ஒலிப்பதிவின் காலம் 2024 இறுதியோடு முடிந்துவிட்டது. ஆனால் அதிலுள்ள பாடலை எழுதியவரும் மெட்டமைத்தவரும் மறைந்து 60 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டுமே! எடுத்துக்காட்டாக, பாடலாசிரியர் பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். அவருடைய பாடல்களுக்கு 2033 இறுதி வரை உரிமை உண்டு. நன்றி சொல்வது பண்பாடு, அனுமதி ஆகாது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை எளிதில் எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாக்கிறது. நீங்கள் பணம் ஈட்டாமல் ஏற்றினாலும் அவர்களிடமோ அவர்கள் சார்பில் உரிமம் வழங்கும் சங்கத்திடமோ, உரிமை பெற்ற நிறுவனத்திடமோ கேட்டாக வேண்டும்.