எவ்கேனியா கனாயேவாவுக்கு ஏன் இவ்வளவு பெரிய பெயர்?

ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில், அதாவது ரிப்பன், பந்து போன்ற கருவிகளோடு இசைக்கேற்ப ஆடும் ஜிம்னாஸ்டிக்ஸில், கனாயேவாவை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த விளையாட்டில் ஒலிம்பிக் தனிநபர் தங்கத்தை 2 முறை வென்ற முதல் வீராங்கனை அவர்தான்: 2008 பெய்ஜிங், 2012 லண்டன். ரஷ்யாவின் ஓம்ஸ்க் நகரத்துப் பெண். பெய்ஜிங்கில் வயது 18தான். 2012 முடிவதற்குள், 22 வயதிலேயே ஓய்வும் பெற்றுவிட்டார்.

ஆனால் எனக்கு ஒலிம்பிக்கைவிடப் பெரிதாகத் தெரிவது 2009 உலகப் போட்டி. ஜப்பானில் நடந்தது, அணித் தங்கத்தையும் சேர்த்து 6 தங்கம் அள்ளினார். ஒவ்வொரு கருவியிலும் கை பழகியிருந்தால்தான் இது நடக்கும். ரிப்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். குச்சியில் கட்டிய 6 மீட்டர் நீளப் பட்டை. கை கொஞ்சம் ஓய்ந்தாலும் நுனி தரையில் துவண்டு கிடக்கும். சில சமயம் முடிச்சே விழுந்துவிடும். ரிப்பனை உயரே எறிந்து, கீழே புரண்டு எழுந்து, குச்சியைச் சரியாகப் பிடிக்க வேண்டும், அதுவும் இசை தப்பாமல்.